ஐஸ் பெட்டி ம்யூசிக்

திருத்தணியில் யார் வீட்டில் சாவு விழுந்தாலும் ஒரு ம்யூசிக் கேட்கும். பாட்டு கிடையாது, மேளம் கிடையாது, நீளமாக இழுத்துக்கொண்டு போகிற ஒரு சத்தம், அதன்மேல் மெதுவாக நடந்து வருகிற ஒரு மெட்டு. அதை உண்டாக்கினவன் தாலுகா ஆபீசுக்கு எதிரில் ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து, ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் சாதிச் சான்றிதழ் வாங்க ஆன்லைனில் தட்டிக்கொண்டிருக்கிறான். பேர் நேசகுமார். நாற்பது வயசு. ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கீபோர்டு வாசிப்பான். மற்ற கிழமைகளில் அவன் இருக்கிறானா இல்லையா என்று ஒருத்தருக்கும் கவலை இல்லை, அவனும் அதற்காக வருத்தப்பட்டவன் இல்லை.

ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் ஒரு சந்தில் வீடு. அப்பா ஜெபரத்தினம் ரயில்வேயில் கேங்மேன். அரக்கோணத்துக்கும் ரேணிகுண்டாவுக்கும் நடுவில் எந்த இடத்தில் தண்டவாளத்துக்கு அடியில் எந்தக் கட்டை ஆடும் என்று கால் சொல்லும் அவருக்கு, அத்தனை வருஷம் அந்தத் தண்டவாளத்தில் நடந்தவர். அம்மா எப்போதோ போய்விட்டாள். பெண்டாட்டி ப்ளெஸ்ஸி ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சர். பிள்ளை குட்டி இல்லை. அந்த வீட்டில் குழந்தை மாதிரி இடத்தை அடைத்துக்கொண்டு இருந்தது ஒரு பழைய சிந்தசைசர்தான், கீபோர்டு மாதிரி கட்டையை அழுத்தினால் நினைத்த சத்தத்தை உண்டாக்குகிற மிஷின்.

சென்னையில் ஒரு ரெக்கார்டிங் ஸ்டுடியோவை மூடினபோது வாங்கினது. மின்சார ரயிலில் வெண்டர் பெட்டியில், கீரைக் கட்டுக்கும் பூக்கூடைக்கும் நடுவில், போர்வை சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தான். அன்றையிலிருந்து கடை விட்டால் வீடு, வீடு விட்டால் அந்த மிஷின். கூட வாசிக்க ஒருத்தன் கிடையாது, பாட ஒருத்தி கிடையாது. தானே ஒரு சத்தத்தை வைப்பான். அது தண்ணித் தொட்டி நிரம்புகிற மாதிரி நிதானமாக ஏறும். நிரம்பினதும் அதன்மேல் இன்னொன்று. அப்புறம் நாலே நாலு சுரத்தில் ஒரு மெட்டு வரும், போகும், கொஞ்சம் முகம் மாறித் திரும்பி வரும். இப்படியே முக்கால் மணி நேரம். இதை ஆல்பம் என்று சொல்லி, 'அவுட்டர்' என்று பேரும் வைத்து இண்டர்நெட்டில் ஏற்றினான். ஸ்டேஷனுக்குள் நுழையாமல் வண்டி வெளியே நிற்குமே, அந்த அவுட்டர். பேர் தெரியாத ஊரிலிருந்து ஒரு வெள்ளைக்காரன் 'கேட்டேன், தூங்கினேன், நன்றி' என்று எழுதியிருந்தான். சொந்த ஊரில் அதுகூட இல்லை.

ஜெபரத்தினம் ஆரம்பத்தில் அதைக் கேட்டுவிட்டு ரொம்ப நேரம் பொறுமையாக உட்கார்ந்திருந்தார். அப்புறம் கேட்டார், "ஏன்டா, பாட்டு எப்ப ஆரம்பிக்கும்?"

"இதான் நைனா பாட்டு."

"இதானா? நான் இன்னும் பாட்றவன் வரலன்னு பாத்துகினு கீறேன்."

ப்ளெஸ்ஸி சமையல்கட்டில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். நேசகுமாருக்கு மூஞ்சி சுண்டிப்போயிற்று. ஆனால் கிழவர் மறுநாளும் வந்து உட்கார்ந்தார், அதற்கு மறுநாளும் வந்தார். ஒரு சாயந்தரம் மெட்டு முடிந்து, அதற்கு அடியில் ஓடின அடிச்சத்தம் மட்டும் தேய்ந்துகொண்டே போனபோது, கையை உயர்த்தி, "ஆங், இது எனக்குத் தெரியும்டா" என்றார்.

"என்ன நைனா தெரியும்?"

"வண்டி பூட்ச்சுன்னு வையி. கண்ணுக்கே தெரியல. ஆனா தண்டவாளத்துல ஒரு சத்தம் இருந்துகினே இருக்கும். சன்னமா. நாங்க அதக் கேட்டுகினு ஓரமா நிப்போம். அப்ப எவனும் பேசமாட்டான். மனசுக்கு ஒரு மாதிரி ஆறுதலா இருக்கும். அத்த எப்டிடா பெட்டிக்குள்ள புட்ச்ச?"

தன் இசை என்னவென்று நேசகுமாருக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதற்குப் பிறகு கிழவர் வாதம் வந்து விழுந்தார். வலது பக்கம் சுத்தமாகப் போய்விட்டது, பேச்சும் போயிற்று. 'வாசி' என்ற சொல் மட்டும் வாயின் ஒரு ஓரத்தில் எப்படியோ தங்கியிருந்தது. கூடத்தில் இரும்புக் கட்டிலைப் போட்டுப் படுக்கவைத்தார்கள். சாயந்தரமானால் நேசகுமார் பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பான். முடிந்ததும் கிழவர் இடது கை முட்டியால் கட்டில் கம்பியில் டக் டக் என்று ஒரு தட்டு தட்டுவார். இன்னொரு தடவை வாசி என்று அர்த்தம். தண்டவாளத்தைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த கை அல்லவா, தட்டு கணீரென்று இருக்கும். அந்தத் தட்டு வரும்வரை நேசகுமார் கட்டையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு காத்திருப்பான். ஆயிரம் பேர் கைதட்டினால்கூட அவனுக்கு அத்தனை சந்தோஷம் இருந்திருக்காது, சத்தியமாகச் சொல்லலாம்.

இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. கெடுத்தவன் ஜம்புலிங்கம். அவனையும் முழுசாகக் குற்றம் சொல்ல முடியாது, பாவம்.

ஜம்புலிங்கம் சாவு வீட்டுக்கு ஐஸ் பெட்டி, நாற்காலி, பந்தல் எல்லாம் வாடகைக்கு விடுகிறவன். இறப்புச் சான்றிதழ் விஷயமாக ஜெராக்ஸ் கடைக்கு வந்து போவான். ஒரு நாள் தலையில் கை வைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தான்.

"இன்னாத்த சொல்றது சார். செத்தவருக்கு ரெண்டு புள்ளைங்க. பெரியவன் சிவபுராணம் போடுன்றான். சின்னவன் ஏசு பாட்டு போடுன்றான். பொணத்த நடுவுல வச்சிகினு சட்டையப் புடிச்சிகினானுங்க. சாமியே இல்லாத பாட்டு ஒண்ணு இருந்தா குடு சார், உனக்குப் புண்ணியமா போவும்."

தன் இசையை ஒரு மனுஷன் வாய் திறந்து கேட்கிறான்! நேசகுமார் முன்னும் யோசிக்கவில்லை பின்னும் யோசிக்கவில்லை. 'அவுட்டரை' ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டான்.

அது சாவு வீட்டில் போய் உட்கார்ந்த மாயத்தை என்னவென்று சொல்வது! சண்டை போட்டவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள். அழுகிறவர்கள் அழுதார்கள், டீ குடிக்கிறவர்கள் குடித்தார்கள், எதற்கும் அது குறுக்கே வரவில்லை. ஜம்புலிங்கத்துக்கு அது ரொம்பச் சவுகரியமாகப் போயிற்று. பெட்டிக்கு பிளக்கைச் சொருகுவான், கூடவே ஸ்பீக்கரில் பென் டிரைவையும் சொருகுவான். அவனிடமிருந்து அரக்கோணத்துப் பெட்டிக்காரனுக்குப் போயிற்று, கனகம்மாசத்திரத்துக்குப் போயிற்று. நெசவாளர் தெருவிலும் அதுதான், சர்ச் தெருவிலும் அதுதான். ஊர் அதற்கு 'ஐஸ் பெட்டி ம்யூசிக்' என்று பேர் வைத்துவிட்டது. தூரத்தில் அது கேட்டால் போதும், "யாரு பூட்டாங்க?" என்று பெண்கள் வாசலுக்கு வந்துவிடுவார்கள்.

ஒரு நாள் காஞ்சனா என்ற ஒரு பெண் வாரிசுச் சான்றிதழுக்காகக் கடைக்கு வந்தாள். புருஷன் விசைத்தறி ஓட்டினவன், திடீரென்று போய்விட்டான். ஆதார் கார்டை நீட்டிக்கொண்டே, "ஐஸ் பெட்டி ம்யூசிக் போட்டது நீங்கதானாமே?" என்றாள்.

நேசகுமார் கார்டை வாங்கி ஸ்கேனரில் வைத்தான்.

"தறிச் சத்தத்துலயே பொறந்து வளந்தவங்க நாங்க. அவரு போன அன்னிக்கி தறிய நிறுத்திட்டாங்க. அந்த அமைதி இருக்குது பாருங்க, எனக்கு பைத்தியமே புடிக்கிற மாதிரி ஆயிடுச்சு. அழுகையே வரல. அப்புறம்தான் உங்க ம்யூசிக் போட்டாங்க. அது ஓடிகினே இருந்துச்சா, அதும்மேல சாஞ்சிகினு அழுதேன். எனக்கு அத்த போன்ல ஏத்திக் குடுங்க. வீட்ல வேணாம்ன்றாங்க, அபசகுனமாம். நான் மாடில போய்க் கேட்டுக்கறேன்."

அவன் ஏற்றிக் கொடுத்தான். இதைவிடப் பெரிய பாராட்டை எந்த இசைக்காரனும் வாங்கியிருக்க மாட்டான். ஆனால் அந்த மடையனுக்கு அது உறைக்கவில்லை. புகழ வருகிறவர்கள் எல்லாம் ஒரு பிணத்தோடு வருகிறார்களே என்றுதான் மனசு கசந்தது. சர்ச்சிலும் ஒரு பெண்வீட்டார், "கல்யாண ஆராதனைக்கு வேற ஆளப் பாத்துக்கறோம் தம்பி, தப்பா நெனைக்காதீங்க" என்று சொல்லியிருந்தார்கள். தப்பாக நினைக்காமல் எப்படி இருப்பது?

இத்தனைக்கும் வீட்டில் சாயந்தர வாசிப்பு நிற்கவில்லை. நின்றது ஒரு சித்திரை மாதத்தில்.

புழுக்கம் தாங்காமல், எப்போதும் சாத்தி வைக்கிற ஜன்னல், கதவு எல்லாவற்றையும் அன்றைக்குத் திறந்து போட்டிருந்தார்கள். ப்ளெஸ்ஸி மாமனாருக்குத் தலையணை அண்டக்கொடுத்து உட்காரவைத்துக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தாள். நேசகுமார் வாசித்துக்கொண்டிருந்தான். திடீரென்று வாசலில், "ஐயோ அண்ணா! ரத்தினம் அண்ணா! எங்கள உட்டுட்டு பூட்டியே!" என்று ஒரு ஓலம். சந்து முனையில் பூ விற்கிற ஜெயம்மா, கையில் பெரிய சம்பங்கி மாலையோடு, மாரில் அடித்துக்கொண்டு உள்ளே ஓடிவந்தாள். அவளுக்குப் பின்னால் சந்தே திரண்டு நின்றது. ஒருத்தர் செருப்பைக்கூடக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

கட்டிலில் ஜெபரத்தினம் வாய் நிறையக் கஞ்சியோடு அவர்களைப் பார்த்தார்.

ஜெயம்மா நட்ட நடுக் கூடத்தில் மாலையோடு சிலையாகிவிட்டாள். அப்போது கிழவர் சிரித்தார். பாதி வாய்தான் சிரித்தது, மற்ற பாதி வழியாகக் கஞ்சி ஒழுகிற்று. தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டே இடது கையை நீட்டினார். கொண்டா அந்த மாலையை, எனக்குத்தானே கொண்டுவந்தாய் என்கிற மாதிரி விரலை ஆட்டினார்.

"ஐயய்யோ, வேணாம்ணா, நீ நூறு வருசம் இரு" என்று ஜெயம்மா மாலையை முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டு ஓடியே போய்விட்டாள். கூட்டம் கலைந்தது. கிழவருக்குச் சிரிப்பு அடங்க ரொம்ப நேரமாயிற்று.

ஆனால் ப்ளெஸ்ஸி சிரிக்கவில்லை. கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, "உயிரோட இருக்கிற மனுஷனுக்கு மாலை எடுத்துகினு வர்றாங்க. இன்னும் என்ன பாக்கணும் நான்? இனிமே இந்த வீட்ல அந்தச் சத்தம் கேக்கக்கூடாது, ஆமா" என்றாள். அழுதுகொண்டுதான் சொன்னாள்.

"சரி" என்றான் நேசகுமார்.

அவ்வளவு சீக்கிரம் சரி என்று சொல்லியிருக்க வேண்டியதில்லை. பெண்டாட்டிக்காகவா சொன்னான்? அப்பா மனசு புண்படும் என்றா? கிழவர்தான் விழுந்து விழுந்து சிரித்தாரே! சந்து சனம் தன்னை எந்தக் கண்ணோடு பார்த்தது என்பதுதான் அவனைக் குடைந்தது. மானம் போயிற்று என்று நினைத்தான். சிந்தசைசர்மேல் போர்வையைப் போட்டு மூடினான்.

மறுநாள் சாயந்தரம் கட்டில் கம்பியில் டக் டக், வாய் ஓரத்தில் 'வாசி'.

"நாளைக்கு நைனா."

அதற்கு மறுநாளும் தட்டல். சத்தத்தைக் குறைத்து வைத்து வாசித்துப் பார்த்தான். வாதம் வந்ததிலிருந்து கிழவருக்குக் காது மந்தம், ஒன்றும் எட்டவில்லை. ஹெட்ஃபோன் வாங்கிவந்து காதில் மாட்டினான். மாட்டின மாத்திரத்தில் கிழவர் பதறிப்போய் இடது கையால் பிடுங்கி எறிந்தார். இவனும் விடாமல் இன்னொரு தரம் மாட்டினான், அவர் கண்ணில் அப்படி ஒரு பயம் தெரிந்தது. அப்புறம்தான் இவனுக்கு உறைத்தது. காதை மூடிக்கொண்ட கேங்மேனுக்கு வண்டி வருவது தெரியாது. சின்ன வயசில் கம்பளிக் குல்லாயைக் காதுவரை இழுத்துக்கொண்டு லைன் ஓரம் நடந்ததற்காக அவனைப் பிடித்து அறைந்தவர் அவர். ஆயுசு முழுக்கக் காதைத் திறந்து வைத்துக்கொண்டே உயிர் பிழைத்த மனுஷன், இப்போது எப்படி மூடுவார்?

"நாளைக்கு வாசிக்கறேன் நைனா. ஜன்னலுக்கு ஸ்க்ரீன் வாங்கிப் போட்டுட்டு வாசிக்கறேன்."

ஸ்க்ரீன் வாங்கவில்லை. ஆடிக் கிருத்திகைக்கு ஊரே காவடியும் பம்பையுமாக அதிர்ந்ததே, அன்றைக்கு வாசித்திருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. அன்றைக்குக்கூட அவனுக்குத் தோன்றவில்லை, கடையில் கூட்டம் என்று உட்கார்ந்துவிட்டான். தட்டல் நாளுக்கு நாள் மெலிந்தது. முதலில் முட்டியால் தட்டினவர், அப்புறம் விரலால் தட்டினார், அப்புறம் நகத்தால் சுரண்டினார். ஒரு சாயந்தரம் அதுவும் வரவில்லை. போர்வை மூடின மிஷினைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார், அவ்வளவுதான். ப்ளெஸ்ஸிக்கே மனசு கேட்காமல், "ஒரு தபா வாசிங்களேன், கதவச் சாத்திக்கலாம்" என்றாள். "ஞாயித்துக்கெழம வாசிக்கறேன்" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை வருவதற்குள் ஒரு மத்தியானம் கடைக்கு போன் வந்தது. பள்ளிக்கூடத்துக்கு லீவு போட்டு வீட்டிலிருந்த ப்ளெஸ்ஸி அவன் பேரை மட்டும் கூப்பிட்டாள், அதிலேயே தெரிந்துவிட்டது. யாரோ ஒருத்தருடைய விண்ணப்பம் பாதியில் நிற்க, நேசகுமார் எழுந்து ஓடினான்.

ஜம்புலிங்கம் ஆட்டோவில் பெட்டியைக் கொண்டுவந்து இறக்கினான். உச்சி வெயிலில் சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை, வேலைக்குப் போனவர்கள் போயிருந்தார்கள், மற்றவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு படுத்திருந்தார்கள். பெட்டிக்கு இடம் வேண்டும் என்று இரும்புக் கட்டிலைத் தூக்கிக்கொண்டுபோய் வெளிச்சுவரில் நிமிர்த்திச் சாத்தினார்கள். கிழவரைக் கண்ணாடிக்குள் கிடத்தி பிளக்கைச் சொருகினான் ஜம்புலிங்கம். பழக்கதோஷத்தில் கை சட்டைப் பைக்குள் போய் பென் டிரைவை எடுத்தது.

"வேணாம்" என்றான் நேசகுமார்.

"இன்னா சார், ஊருக்கெல்லாம் குடுத்த. உன் நைனாவுக்கு இல்லியா?"

"வேணாம்னு சொன்னேன் இல்ல!"

ஜம்புலிங்கம் முகம் வாடிப்போய் பென் டிரைவை உள்ளே வைத்துக்கொண்டான். கூடத்தில் புருஷனும் பெண்டாட்டியும் மட்டும் இருந்தார்கள். ப்ளெஸ்ஸிக்கு அழுதால் சத்தம் வராது, கண்ணீர் மட்டும் ஓடும். சொந்தக்காரர்கள் அரக்கோணத்திலிருந்து வரவேண்டும், பாஸ்டர் வெளியூர் போயிருந்தார், சாயந்தரம் வருவதாகச் சொன்னார். பெட்டி மட்டும் ர்ர் என்று ஓடிக்கொண்டிருந்தது. தெருவிலிருந்து ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

வெயில் தாழ்ந்ததும் ஜெயம்மா பூக்கூடையோடு அந்தப் பக்கமாக வந்தாள். சுவரில் சாத்தின கட்டிலைப் பார்த்துவிட்டு, "இன்னா ப்ளெஸ்ஸி, கட்டிலுக்கு வெயில் காட்றியா? பெரியவரு எப்டி கீறாரு?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே தலையை நீட்டினாள். கண்ணாடிப் பெட்டியைப் பார்த்ததும் கூடை கையிலிருந்து நழுவிற்று.

"அடக் கடவுளே! எப்போம்மா? ம்யூசிக்கே கேக்கலியே! மத்தியானத்துலேர்ந்து பக்கத்துலதானே படுத்துகினு கெடந்தேன், யாருக்குமே தெரியலியேம்மா. இப்டி அநாதையாட்டம் வச்சிகினு கீறீங்களே அந்த மனுஷன!"

அநாதை என்ற சொல் நேசகுமாரின் நெஞ்சில் நேராகப் போய்க் குத்திற்று. உயிரோடு இருந்தபோது வாசித்தால் செத்துவிட்டார் என்று ஓடிவந்தார்கள். செத்துக் கிடக்கும்போது வாசிக்காததால் இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நடந்து போகிறார்கள். இரண்டு தடவையும் தப்பு பண்ணினது நான்தான், வேறு யாரும் இல்லை என்று நினைத்தான். அந்த மனுஷன் கேட்டது ஒன்றே ஒன்று. அதைக்கூட நான் கொடுக்கவில்லை.

ப்ளெஸ்ஸி எழுந்துபோய் சிந்தசைசர்மேல் இருந்த போர்வையை இழுத்தாள். "வாசிங்க" என்றாள்.

"இப்ப வாசிச்சு யாருக்குடி?"

"வாசிங்கன்றேன்."

உட்கார்ந்தான். முதல் சத்தத்தை வைத்தான். அது நிதானமாக ஏறி, கூடத்தை நிரப்பி, திறந்திருந்த ஜன்னல் வழியாகச் சந்துக்குப் போயிற்று. நாலு சுரத்து மெட்டு வந்தது. ஒரு கதவு திறந்தது. இன்னொரு கதவு திறந்தது. "யாரு? ரத்தினம் அண்ணனா? நெசமாவா?" என்று குரல்கள். செருப்புகள் வாசலில் சேர ஆரம்பித்தன. அன்றைக்குத் துண்டை இடுப்பில் கட்டினவர் இன்றைக்கும் கட்டிக்கொண்டு வந்து சுவரோரம் நின்றார். ஜெயம்மா கூடையிலிருந்து ஒரு சம்பங்கி மாலையை எடுத்துவந்து பெட்டிமேல் போட்டாள். கண்ணாடிமேல் கையை வைத்துக்கொண்டு, "அன்னிக்கிக் கை நீட்டிக் கேட்டியேண்ணா. ஒளிச்சிகினு ஓடிட்டேனே, பாவி நானு" என்று விம்மினாள்.

நேசகுமார் நிமிரவில்லை. மெட்டு போயிற்று, திரும்பி வந்தது, போயிற்று. கடைசியில் அடிச்சத்தம் மட்டும் தேய்ந்தது. வண்டி போய்விட்டது, தண்டவாளம் இன்னும் பேசுகிறது. கூடத்திலும் வாசலிலும் அத்தனை சனம் இருந்தும் ஒருத்தரும் மூச்சுவிடவில்லை. அந்தச் சத்தமும் நின்றது.

கட்டையிலிருந்து விரலை எடுத்துக்கொண்டு, பழக்கம் போலவே, அவன் காத்திருந்தான். வலது பக்கமாகக் காதைச் சாய்த்து, கட்டில் இருந்த இடத்தைப் பார்த்துக் காத்திருந்தான். சனம் அவனையே பார்த்தது. பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

தட்டல் வரவில்லை. வராது என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது. "நைனா" என்று கத்திக்கொண்டு சிந்தசைசர்மேலேயே குப்புறக் கவிழ்ந்தான். நெற்றி அழுந்தின இடத்தில் ஏழெட்டுக் கட்டைகள் ஒன்றாகச் சேர்ந்து அலறின. அவன் தலையைத் தூக்கும்வரை அந்த அலறல் சந்து முழுக்கக் கேட்டுக்கொண்டே இருந்தது.